மூணு விரல் மடிப்பு

அளவு கொடுக்க வந்தவர்கள் குனிந்து பார்த்தால் கட்டிங் அக்காவுக்குப் பிடிக்காது. "நிமிந்து நில்லுங்க. எதிர்ச் சுவரைப் பாருங்க. நீங்க குனிஞ்சா அளவு பொய் சொல்லும்" என்பாள். குனிவதெல்லாம் அவள் வேலை. பாவாடை உயரம் பார்க்க வேண்டுமென்றால் தரையில் முட்டி போட்டு, டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கண்ணை எண்ணுக்கு நேரே இறக்கிப் படிப்பாள். எதிரே நிற்பது டாக்டர் வீட்டுப் பெண்ணானாலும் சரி, மீன்காரி பெண்ணானாலும் சரி, அளவு கொடுக்கிறவர் நிமிர்ந்து நிற்க வேண்டும், எடுக்கிறவள் முட்டி போட வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்தத் தையல் கூடத்தில் இதுதான் சட்டம். யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. அவள் முட்டி இரண்டிலும் காய்த்துப் போயிருந்த தோல்தான் அதற்குச் சாட்சி.

கூடத்தில் பதினோரு தையல் மெஷின்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிப் பழகி, அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் வீட்டிலும் தொண்டை பெரிசு. கடைசியில், ஜன்னலோரம், ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்காகக் கட்டிங் மேஜை. அதுதான் அவள் ராஜ்ஜியம். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளிகூட அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் ஈரத் துணி வாடையுமாகக் கூடம் புழுங்கிக் கிடந்தது. மணி ஒன்பதரை இருக்கும். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள், அதனால் பெயரே காஜாக்காரி என்று ஆனவள், வாசல் பக்கம் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தினாள்.

"அக்கா, உங்க நெட்டை வந்து நிக்குது."

கட்டிங் அக்கா நிமிர்ந்தாள். மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயதுக்குள் அப்பாவின் உயரத்தைப் பிடித்துவிட்டதால் அவளை வீட்டிலும் தெருவிலும் நெட்டை என்றே சொல்வார்கள். கருநீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, முதுகில் பை, தலையில் மழை. கையில் நான்காக மடித்த காகிதம். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம் அது.

"என்னடி? உடம்பு சரியில்லையா?"

"இல்ல."

"அப்புறம்?"

மகள் காகிதத்தை நீட்டினாள். சீருடைச் சோதனைக்கு உட்பட மறுத்ததாலும், வாசலில் நின்ற ஆசிரியையிடம் எதிர்த்துப் பேசியதாலும், மன்னிப்புக் கடிதத்துடன் வந்து சோதனைக்கு உட்படும்வரை மாணவி வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டாள் என்று அதில் இருந்தது. கீழே பிரின்சிபாலின் கையெழுத்து. திங்கட்கிழமை அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். இதையும் கடிதமே ஞாபகப்படுத்தியிருந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"முட்டி போட மாட்டேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. ஊர்ல எல்லாப் பிள்ளையும் போடல?"

மகள் பாவாடையை ஒரு விரற்கடை தூக்கினாள். இரண்டு முட்டியும் சிராய்த்து, பக்குக் கட்டி, பக்கு மறுபடி பிய்ந்து, சீழ் பிடித்திருந்தது. ஒரு முட்டியில் சின்னக் கருங்கல் துணுக்கு ஒன்று தோலுக்குள்ளேயே தங்கியிருந்தது. காஜாக்காரி "அடப் பாவிகளா" என்று வாயில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. பாவாடை முட்டியை மூடியிருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கேட்டில் ஒரு டீச்சர் நிற்பார். கையில் எப்போதும் மர ஸ்கேல் இருப்பதால் பிள்ளைகள் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டோரச் சரளையில் முட்டி போடச் சொல்வார். பாவாடை விளிம்பு தரையைத் தொட்டால் உள்ளே போகலாம். தொடாவிட்டால் முதல் பீரியட் முடிகிறவரை அங்கேயே அப்படியே இருக்க வேண்டும். போகிற வருகிற வண்டிக்காரன் எல்லாம் பார்ப்பான்.

"எத்தனை நாளா?"

"எனக்கு ஒன்பது நாளா. இன்னைக்குப் பத்தாவது நாள். இன்னைக்கு முடியாதுன்னுட்டேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

நெட்டை அம்மாவை நேராகப் பார்த்தாள். "என்னன்னு சொல்றது? நீ வெட்டுன பாவாடைம்மா. நாப்பது பேர் முட்டி போடுறோம். நாப்பது பேர் போட்டிருக்கறதும் நீ வெட்டுனதுதான்."

கட்டிங் அக்கா கத்திரியை மேஜைமேல் வைத்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும்.

புதுப் பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே துணிக்கட்டைப் பின்கட்டுத் தொட்டியில் ஊறப்போட்டு, கம்பியில் காயவிட்டு, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் மேஜையில் விரிப்பார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் துணி வரத் தாமதம். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. நானூறு பாவாடை, பன்னிரண்டு நாள் கெடு. முதலாளி வானத்தையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நனைக்க வேணாம், அப்படியே வெட்டுங்க அக்கா" என்றார். "சுருங்கும் முதலாளி" என்றாள் அவள். "ரெண்டு துவைப்புல யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர். அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பேசாததற்கு ஈடாக ஒரு காரியம் செய்தாள். ஒரு விரல் அகலம் விட வேண்டிய அடிமடிப்புக்கு மூன்று விரல் விட்டாள். வெட்டுக்கு அளவாக வைக்கும் அட்டையைத் துணிமேல் நெருக்கி நெருக்கி வைத்து மிச்சம் பிடித்ததில் முதலாளிக்கும் தெரியவில்லை. சுருங்கினால் பிள்ளைகளின் தாய்மார் தையலைப் பிரித்து இரண்டு விரல் இறக்கிக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டாள். தன் மகளுக்கும் அந்தக் குவியலிலிருந்தே எடுத்தாள். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வெட்டுகிற கை இல்லை அது.

"உள்ள மடிப்பு இருக்கேடி. மூணு விரல் விட்டிருக்கேன். பிரிச்சு இறக்கினா ஆச்சு."

"இறக்கக் கூடாதும்மா. ரெண்டு பேர் இறக்கிட்டு வந்தாங்க. வெளித்துணி வெளுத்திருக்கு, உள்மடிப்பு வெளுக்கல. அடியில பட்டை மாதிரி கருநீலமாத் தெரிஞ்சுது. கோடு தெரியுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சீருடையில கை வைக்கக் கூடாதாம்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டிருந்தன. இந்தக் கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவ்வளவு அமைதி வந்ததில்லை.

* * *

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். டவுன் பஸ் டிரைவர். இருபது வருஷக் காக்கி. தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போடுவார், மற்றவர்கள் போட்டால் காலர் மடிப்பு சரியில்லை என்பார். கடிதத்தைப் படித்தார். ஒருமுறை மகளையும் ஒருமுறை மனைவியையும் பார்த்தார்.

"முட்டி போட்டா தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சிருக்குப்பா. காட்டவா?" என்றாள் நெட்டை.

"வாயப் பாரு. எங்களுக்கும்தான் யூனிஃபார்ம் இருக்கு. மேல் பொத்தான் திறந்திருந்தா அன்னைக்கு வண்டி கிடையாது. நான் ஒரு நாள் எதுத்துப் பேசியிருப்பேனா? அது ஒரு மரியாதைம்மா. இந்தக் காக்கியைப் பாத்துத்தானே நாப்பது பேர் நம்பி ஏர்றான்?"

"நான் யூனிஃபார்ம் போட மாட்டேன்னு சொல்லலியே. போட்டுக்கிட்டுதானே போனேன்."

"அப்புறம் என்ன?"

"உங்க பொத்தானை யாரு பாப்பாங்க?"

"இன்ஸ்பெக்டர்."

"எப்படிப் பாப்பாரு?"

"எப்படின்னா? கண்ணால பாப்பாரு."

"நீங்க நிப்பீங்களா, முட்டி போடுவீங்களா?"

அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த கட்டிங் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் வருகிற சிரிப்பு. முட்டையை உடைத்து ஊற்றி அதை மறைத்தாள். டிரைவர் காலரைத் தடவிக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. திங்கக்கிழமை பரீட்சை. அதுக்கு என்ன பண்ணப் போற?"

"எழுதணும்."

"அப்ப மன்னிப்பு எழுதிக் குடு."

"எழுத மாட்டேன்."

"ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும், பாப்பா."

"ரெண்டும் நடக்கணும்ப்பா."

"இவ யாரு மாதிரி?" என்றார் டிரைவர் அடுப்படிப் பக்கம் திரும்பி.

"முதலாளிகிட்ட பேசாம இருந்தவ மாதிரி இல்ல" என்றாள் கட்டிங் அக்கா. "சாப்பிட வாங்க."

சாப்பிட்டு முடித்து, மகளின் முட்டியை வெந்நீரில் கழுவி, ஊசி முனையால் அந்தக் கல் துணுக்கை எடுத்தாள். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. அரிசிமணியளவு கல். கட்டிங் அக்கா அதை எறியாமல் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

* * *

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியிடம் போய் நின்றாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போறேன் முதலாளி. துணி நனைக்காம வெட்டுனதைச் சொல்லப் போறேன்."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"நாப்பது பிள்ளைங்க முட்டி போடுது. வேணும்னே பாவாடையத் தூக்கிக் கட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. தூக்கினது பிள்ளைங்க இல்ல, நாம."

"நீங்க போய்ச் சொன்னா அடுத்த வருஷம் ஆர்டர் போயிடும். பதினோரு மெஷின் நிக்கும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுமா?"

"ஒன்பது நாள் முட்டி போட்டிருக்கா முதலாளி. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

"அப்படிப் போறதா இருந்தா உங்க கத்திரியையும் எடுத்துட்டுப் போங்க."

கோபத்தில் சொன்ன பேச்சுதான். பதினெட்டு வருஷத்தில் இதுபோல நூறு தடவை சொல்லியிருப்பார், நூறு தடவையும் மத்தியானத்துக்குள் மறந்திருப்பார். ஆனால் அன்றைக்குக் கட்டிங் அக்கா நிஜமாகவே மேஜைக்குப் போய்க் கத்திரியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய சொந்தக் கத்திரி. டேப் கழுத்திலேயே கிடந்தது. காஜாக்காரி எழுந்து வந்து, "நானும் வரட்டாக்கா? என் குட்டச்சியும் அங்கதானே படிக்கறா" என்றாள். "நீ உக்காரு. ரெண்டு பேரும் போனா ரெண்டு அடுப்பும் அணையும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பிரின்சிபாலின் அறை சுத்தமாக இருந்தது. மேஜையில் பேனா, பூகோள உருண்டை, ஒரு மணி. அவரும் கஞ்சி போட்ட உடுப்பில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கட்டிங் அக்கா பையிலிருந்து இரண்டு பாவாடைகளை எடுத்து மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். ஒன்று கூடத்தில் மிச்சமிருந்த புதுசு. இன்னொன்று மகளுடையது. ஒரே அட்டையில் ஒரே நாளில் வெட்டியவை. புதுசு இரண்டு விரல் நீளமாக வெளியே தெரிந்தது.

"துணிய நனைக்காம வெட்டிட்டோம் மேடம். தப்பு எங்க மேல. பிள்ளைங்க யாரும் எதையும் தூக்கிக் கட்டல."

பிரின்சிபால் ஸ்கேல் வைத்து இரண்டையும் அளந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ இளகியது.

"நேர்மையா வந்து சொன்னீங்க. சந்தோஷம். அடுத்த வருஷம் கடைக்காரர்கிட்ட கண்டிப்பாச் சொல்றேன்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் விதி விதிதானே. பாருங்கம்மா, எங்க பள்ளியில பெரிய வீட்டுப் பொண்ணும் இருக்கா, கூலி வேலை செய்யறவங்க பொண்ணும் இருக்கா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில, ஒரே துணியில. யாரு யாருன்னு தெரியக் கூடாது. அதுக்குத்தான் சீருடை. இன்னைக்கு ஒரு விரல் விட்டா, நாளைக்கு ஒரு சாண் கேப்பாங்க. இடம் குடுத்தா மடம் பிடுங்கற வயசு இது."

"அது சரிதான் மேடம். எனக்கும் சீருடை பிடிக்கும். நான் வெட்டுறது அது. மடிப்ப இறக்க விடுங்க, ஒரு நாள்ல எல்லாம் சரியாயிடும்."

"கோடு தெரியுமே. ஒருத்தி பாவாடையில மட்டும் பட்டையாத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ஒரே மாதிரி இருக்கணும்மா." பிரின்சிபால் பேனாவை மூடினார். "உங்க பொண்ணு நல்லாப் படிக்கறவ. திங்கக்கிழமை காலையில எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு தடவை முட்டி போடட்டும். மன்னிப்புக் கடிதம்கூட வேண்டாம். அத்தோட இந்த விஷயத்த விட்டுடறேன்."

கட்டிங் அக்கா எழுந்தாள். பாவாடைகளை மடித்தாள். அவசரப்படாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கூடத்தில் மடிப்பது போலவே மடித்தாள். அதற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்துவிட்டது.

"மேடம், உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும். தப்பு பண்ணது என் கத்திரி. முட்டி போடறதா இருந்தா நான்தான் போடணும். அவ எதுக்குப் போடணும்?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பதினெட்டு வருஷமா ஆயிரக்கணக்கான பேர அளந்திருக்கேன். அளவு குடுக்கறவங்கள முட்டி போடச் சொல்லி யாரும் அளக்க மாட்டாங்க. முட்டி போட்டா இடுப்பு இறங்கும், பாவாடையும் இறங்கும், அளவு தப்பும். அளக்கறவதான் முட்டி போடணும். எங்க தொழில்ல புதுசா சேர்ற பொண்ணுக்குக்கூட இது தெரியும்."

பிரின்சிபால் மணியைத் தொட்டார், ஆனால் அடிக்கவில்லை. "திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார்.

வெளியே வந்தபோது முதல் பீரியட் முடிந்திருக்கவில்லை. கேட்டோரத்தில் முப்பத்து ஏழு பெண்கள் முட்டி போட்டிருந்தார்கள். கட்டிங் அக்கா அவர்களுக்கு நடுவே நடந்து போக வேண்டியிருந்தது. யார் பாவாடை எந்த அடுக்கில் வெட்டியது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. ஒரு சின்னப் பெண் நிமிர்ந்து, "ஆன்ட்டி, நெட்டை அக்கா வருவாங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"வருவா. உங்கிட்ட தையல் பிரிக்கற ஊசி இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி."

"எங்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இங்க இருக்கறவங்ககிட்டயும் சொல்லு."

ஸ்கேல் தரையில் ஒரு தட்டு தட்டியது. "அங்க என்ன பேச்சு?" கட்டிங் அக்கா நடையைக் கட்டினாள். நடக்க நடக்கப் பிரின்சிபால் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருத்தி பாவாடையில மட்டும். ஒருத்தி பாவாடையில மட்டும்தானே ஆகாது?

* * *

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஒன்பது மணிக்கு ஐந்து பேர். பத்து மணிக்குள் கட்டிங் அக்கா வீடிருந்த குடியிருப்பின் மாடிப்படி முழுக்க, படிக்கு இரண்டு பேராகப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் மடியில் பாவாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தவர் வழி இல்லாமல் திரும்பி மேலேயே போய்விட்டார். காஜாக்காரி தன் பங்குக்கு ஆறு ஊசியும் கருநீல நூற்கண்டும் கொண்டுவந்தாள். கூடத்திலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

"முதலாளி உங்களக் கேட்டாருக்கா" என்றாள் காஜாக்காரி.

"என்னன்னு?"

"கட்டிங் அக்கா நாளைக்கு வருமான்னு. நான் தெரியாதுன்னுட்டேன். கொஞ்சம் தவிக்கட்டும்."

"நானே தவிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் கட்டிங் அக்கா. உண்மையும் அதுதான். வாயில் வீராப்பு இருந்தாலும் விடியற்காலையிலிருந்து இரண்டு தடவை கத்திரியைத் துணி பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்திருந்தாள்.

"தையலைப் பிரிக்கும்போது துணியக் குத்தாதீங்க. ஒரு தையல் விட்டு ஒரு தையல் வெட்டுங்க, அப்புறம் இழுத்தா மொத்தமா வரும். ரெண்டு விரல் இறக்கி, மிச்சத்த மடிச்சுக் கையாலயே தையல் போடுங்க" என்று படிப்படியாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொடுத்தாள். பிரித்த பாவாடைகள் ஒவ்வொன்றின் அடியிலும் கருநீலப் பட்டை ஒன்று புத்தம் புதிதாக வெளியே வந்தது. மேலே வெளுத்த நீலம், கீழே இரண்டு விரல் அழுத்தமான நீலம், நடுவே பழைய தையல் குத்திய துளைகள் வரிசையாக.

"நல்லாத் தெரியுதே" என்றாள் ஒரு அம்மா கவலையோடு. "திருப்பி அனுப்பிட்டா பரீட்சை போயிடுமே."

நெட்டைதான் பதில் சொன்னாள். "நான் போகத்தான் போறேன் ஆன்ட்டி. நீங்க வேணும்னா திருப்பித் தைச்சுக்கோங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஊசியில் நூலைக் கோத்தாள். வேறு மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவரவர் பயம் அவரவருக்கு.

காஜாக்காரியின் மகளுக்குத்தான் பிரச்சினையே இல்லை. ஆள் குள்ளம். பாவாடை சுருங்கியும் முட்டிக்கு ஒரு சாண் கீழே இறங்கித்தான் இருந்தது. அவளும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதுக்குடி குட்டச்சி? நீ ஒரு நாளும் முட்டி போட்டு மாட்டினதில்லையே" என்றாள் நெட்டை.

"எல்லாரும் இறக்கினா நானும் இறக்குவேன்."

"கணுக்கால் வரைக்கும் வரும்டி. சாக்குப்பைக்குள்ள விழுந்த பூனை மாதிரி இருப்ப."

"இருந்துட்டுப் போறேன். இல்லன்னா உன்ன மட்டும் பாத்து அனுப்பிடுவாங்கல்ல."

மத்தியானம் டிரைவர் ஷிப்ட் முடிந்து காக்கியோடு வந்தார். கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்தார். கத்துவார் என்று கட்டிங் அக்கா தயாரானாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா யோசிச்சேன். இருபது வருஷத்துல என் பொத்தான ஆயிரம் தடவை பாத்திருப்பாங்க. ஒரு தடவைகூட என்ன முட்டி போடுன்னு சொல்லிப் பாத்ததில்ல" என்றார். "எங்க, ஒரு ஊசி குடு. கிழிஞ்ச காலரப் பிரிச்சுத் திருப்பித் தைச்ச கைதான்."

* * *

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. சரளையில் தேங்கிய தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கட்டிங் அக்கா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாள். கழுத்தில் டேப். வேலைக்குப் போகிற நேரம்தான், ஆனால் வேலை இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்து கேட்டில் வரிசை கட்டினார்கள். இருபத்து ஒன்பது பேர். எல்லோர் பாவாடையின் அடியிலும் அதே இரண்டு விரல் கருநீலப் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடைக்குக் கரை வைத்துத் தைத்தது போலவே இருந்தது. குட்டச்சி நடுவே தடுக்கித் தடுக்கி வந்தாள். முன்னால் நெட்டை.

அடிஸ்கேல் டீச்சர் ஸ்கேலைப் பிடித்தபடி வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். கொஞ்சம் வயதானவர், ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கும்.

"என்ன இது கோடு?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் டீச்சர் இருக்கு" என்றாள் நெட்டை.

"பேசாத. முட்டி போடு."

நெட்டை நிமிர்ந்து நின்றாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருபத்து எட்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பின்வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டே நிமிர்ந்து நின்றாள். பரீட்சை மணி முதல் தடவை அடித்தது. வராந்தாவில் பிரின்சிபால் வந்து நின்றதைக் கட்டிங் அக்கா பார்த்தாள். அவர் பார்வை பட்டைகளின் வரிசைமேல் ஓடிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. என்ன சொன்னாலும் அவர் சொன்னதே அவருக்கு எதிராகத் திரும்பி வரும் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"முட்டி போடுன்னு சொன்னேன்."

"அளவு பாத்துக்கோங்க டீச்சர். நான் நிக்கறேன்."

கட்டிங் அக்கா ரோட்டைக் கடந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். "ஸ்கேல் வேணாம் டீச்சர், வளையாது. இதுல பாருங்க. முட்டியிலிருந்து விளிம்பு வரைக்கும் வச்சுப் பாருங்க. சரியா இல்லன்னா நானே என் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடறேன்."

டீச்சர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. இரண்டாவது மணி அடித்தது. டேப்பை வாங்கிக்கொண்டார். நின்றபடி எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. இடுப்பை வளைத்துப் பார்த்தார், எண் தெரியவில்லை. கடைசியில் ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஒரு காலை மடக்கினார்.

நெட்டை சட்டென்று குனிந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து, டீச்சர்" என்றாள். "அந்த எடத்துல கல்லு குத்தும்."